புழு அச்சில் இருந்த ஈரம்

என் பெயரும் தகப்பனார் பெயரும் முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளபடி சரியே. வயது நாற்பத்திரண்டு. தையல் இயந்திரம் பழுது பார்ப்பது என் தொழில். தொழிலை வைத்து எல்லோரும் என்னை ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் எங்கள் தெருவில் வீட்டைக் காட்டுவார்கள். மாடியில் நானும் என் மனைவியும் என் தாயாரும் குடியிருக்கிறோம். கீழ் வீட்டில் என் அக்கா இருக்கிறார். தற்போது மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்தபடி, நல்ல நினைவோடு, யாரும் சொல்லிக் கொடுக்காமல் இதைச் சொல்கிறேன். வலது கையிலும் வலது கன்னத்திலும் கட்டுப் போட்டிருக்கிறது. கண் தப்பியது.

என் மனைவி கொதிக்கும் பிளாஸ்டிக்கை என்மேல் ஊற்றினாள் என்று அக்கா புகார் கொடுத்திருப்பதாகவும், மனைவியை நேற்றிலிருந்து காவல் நிலையத்தில் வைத்து விசாரிப்பதாகவும், நான் சொல்வதைப் பொறுத்தே அவளைக் கைது செய்வதா அனுப்புவதா என்று முடிவாகும் என்றும் அதிகாரி தெரிவித்தார். அவள் அப்படிச் செய்யவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். எதையும் வரிசையாகத்தான் எழுத வேண்டும் என்று அவர் சொன்னதால் வரிசையாகச் சொல்கிறேன்.

விடுமுறை நாளில் ஏரிக்குப் போய்த் தூண்டில் போடுவது என் பழக்கம். முன்பெல்லாம் மண்புழுவை டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருப்பேன். ஒரு நாள் வெண்ணெய் எடுக்கப் போன மனைவி அந்த டப்பாவைத் திறந்துவிட்டாள். அதன் பிறகு வீட்டுக்குள் உயிருள்ள புழு வரக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. கடையில் விற்கும் ரப்பர் புழுவை வாங்கிப் பார்த்தேன். ஒரு மீன் கடித்தாலே அது இரண்டாகக் கிழிந்துவிடுகிறது. அதனால் வீட்டிலேயே செய்து பார்க்கத் தொடங்கினேன்.

எதில் செய்வது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. மனைவி கேக் கடையில் வேலை செய்கிறாள். அங்கிருந்து கொஞ்சம் ஜெலட்டின் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் செய்த புழு நன்றாக நெளிந்தது, ஆனால் மீன் வருவதற்குள் தண்ணீரில் கரைந்துவிட்டது. "மீனுக்கு சூப்பு வெச்சுக் குடுத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். அதன் பிறகு சூடாக்கி ஒட்டும் பசைக்குச்சியை உருக்கி ஊற்றினேன். அது விறைத்துப்போய், மீன் வாயில் வாங்கிய கையோடு துப்பிவிட்டது. அதன் பிறகு ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் சிலிக்கானை எடுத்தேன். அது வளைந்தது, ஆனால் இறுகுவதற்கு நாள் கணக்கில் ஆனது, நாற்றமும் போகவில்லை. கடைசியில் இதற்கென்றே திரவ பிளாஸ்டிக் ஒன்று இருப்பது தெரியவந்து அதை வரவழைத்தேன். பார்க்கப் பால் போல இருக்கும். சின்னத் தீயில் கிண்டினால் கூழாகி, பிறகு தெளிந்து எண்ணெய் போல ஓடும். அப்போது அச்சில் ஊற்ற வேண்டும். இளக்குவதற்குத் தனி எண்ணெய் உண்டு. அது கூடினால் புழு கிழியும், குறைந்தால் விறைக்கும். ஒரு கையால் புழுவையும் மறு கையால் என் காது மடலையும் அமுக்கிப் பார்ப்பேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் பதம் சரி. பொடித்து வறுத்த உப்பைக் கொஞ்சம் கலந்தால் புழு தண்ணீரில் இறங்கும், கடித்த மீனும் சீக்கிரம் விடாது. செய்த புழுக்களை அம்மாவின் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்தேன். டப்பா இளகிப் புழுக்களோடு ஒட்டிக்கொண்டது. அம்மா பல நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன் பிறகு கண்ணாடிச் சீசாவில் போடுகிறேன். கேக் கடைக்காரிக்கும் அவள் மாமியாருக்கும் நடுவில் இந்தத் தொழிலை நடத்துவது லேசான காரியமில்லை.

அச்சு பிளாஸ்டர் மாவில் செய்தது. மனைவி கிரீம் தடவும் கத்தியால் சோப்பில் ஒரு புழு செதுக்கிக் கொடுத்தாள், வால் முறுக்கு உட்பட. அதை வைத்து நான் அச்சு எடுத்தேன். வெயிலில் காயவைத்து, புழு விழும் முகப்பில் மட்டும் பசையைக் கரைத்துப் பூசினேன். முதுகுப் பக்கம் வெறும் பிளாஸ்டர்தான், தண்ணீர் பட்டால் அப்படியே குடித்துவிடும். அச்சுக்குள் ஈரம் இருக்கும்போது கொதிக்கிற பிளாஸ்டிக்கை ஊற்றினால் அந்த ஈரம் ஆவியாகி, பிளாஸ்டிக்கைத் தூக்கி அடிக்கும். இது எனக்குத் தெரியும். அதனால் ஊற்றுவதற்கு முன் அச்சைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். குளிர்ச்சி தட்டினால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

சம்பவத்துக்கு முதல் நாள் நான் பால்கனிக் கதவைச் சாத்தாமல் பிளாஸ்டிக்கைக் கிண்டியதால் புகை வீட்டுக்குள் வந்தது. மனைவிக்குத் தலைவலி. "இந்தக் கருமத்த ஒரு நாள் உங்க தலையிலயே ஊத்தப் போறேன்" என்று சத்தம் போட்டாள். அது மாடிப்படியில் நின்ற அக்கா காதில் விழுந்திருக்கிறது. புகாரில் உள்ள வார்த்தை இதுதான், அவள் அப்படிச் சொன்னது உண்மைதான். அவள் என்னை மாவோடு சேர்த்துப் பிசைந்துவிடுவதாகவும், அடுப்புக்குள் வைத்துப் பூட்டிவிடுவதாகவும்கூடச் சொல்லியிருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பிசையப்படாமல்தான் இருக்கிறேன். அக்காமேல் எனக்கு வருத்தம் கிடையாது. கட்டோடு என்னைப் பார்த்தவர், யார் மேலாவது கோபப்படாமல் எப்படி இருப்பார்.

மறுநாள் காலை அச்சைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. பால்கனிச் சுவரில் வெயில் படும்படி வைத்துவிட்டு, உப்பு நிறுக்கத் தராசு வாங்கக் கீழே அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பேச்சுக் கொடுத்ததால் நேரமாகிவிட்டது. திரும்பி வந்தபோது மனைவி பிளாஸ்டிக்கைத் தெளியும்வரை கிண்டித் தயாராக வைத்திருந்தாள். அச்சு வைத்த இடத்திலேயே இருந்தது. எப்போதும் அவள்தான் ஊற்றுவாள். கேக்கில் எழுத்து எழுதுகிற கை, நடுங்காது. நான் அச்சைப் பிடித்துக்கொண்டு, வால்வரை நிரம்புகிறதா என்று முகத்தைக் கிட்டே வைத்துப் பார்ப்பேன். அன்றும் அப்படியே செய்தோம். முதல் சொட்டு விழுந்ததும் சடசடவென்று சத்தம் கேட்டது. அதன் பிறகு என் கையிலும் கன்னத்திலும் தெறித்தது.

அவள் பாத்திரத்தை என் பக்கமிருந்து திருப்பித் தன் பக்கமாகப் போட்டாள். மிச்சமிருந்தது அவளுடைய இடது பாதத்தில் கொட்டியது. அவள் காலைப் பார்த்தீர்களா என்று அதிகாரியைக் கேட்டேன். மூடிய செருப்புப் போட்டிருக்கிறாள், காலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றார். அவள் சொல்ல மாட்டாள். அந்தக் காலோடுதான் என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "பிச்சு எடுக்காதீங்க, தோலோட வந்துரும்" என்று சொல்லி, குழாய்த் தண்ணீரில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காய்ந்திருந்த அச்சில் ஈரம் எப்படி வந்தது என்று அதிகாரி கேட்டார். இதே கேள்விக்கு என் மனைவி, "ஈரம் இருந்திருக்கு" என்று மட்டும் சொன்னதாகவும், எப்படி வந்தது என்று எத்தனை முறை கேட்டும் வாய் திறக்கவில்லை என்றும், அதுதான் அவளுக்குப் பாதகமாக இருக்கிறது என்றும் சொன்னார். நானும் பதில் சொல்லவில்லை. மனைவியை வெளியே கொண்டுவர வேண்டும் என்றால் நான் பேச வேண்டும் என்றார்.

அந்தச் சமயத்தில் என் தாயார் பையோடு அறைக்குள் வந்தார். துணியில் சுற்றிய அச்சை எடுத்து அதிகாரியிடம் கொடுத்து, "நீங்க கேப்பீங்கன்னு கொண்டுவந்தேன் சார். ஒட்டியிருந்தத எல்லாம் சுரண்டி, நேத்து நல்லாக் கழுவித் தொடச்சு வெச்சேன்" என்றார்.

அதிகாரி, "அன்னைக்குக் காலையிலயும் கழுவினீங்களாம்மா?" என்று கேட்டார்.

"பின்ன? மருமக உள்ள இருந்தப்ப, சுவத்து மேல இந்த அச்சு வெள்ளையா மாவு படிஞ்சு கெடந்துச்சு. கேக் கடையில இருந்து கொண்டுவர்ற அச்செல்லாம் தெனமும் நான்தானே கழுவுறேன். மருமக நாள் பூரா நின்னு வேல செய்யுது, இதாவது அதுக்கு மிச்சமாகட்டுமே. அதை எப்ப சார் விடுவீங்க? நேத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடலன்னு சொல்றாங்க."

அதிகாரி அச்சைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். நேற்றுக் கழுவியது இன்னும் குளிர்ந்திருக்க வேண்டும், என்னைத் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு, "சாயங்காலத்துக்குள்ள வந்துருவாங்கம்மா. வெளிய உக்காருங்க" என்றார். அம்மா வெளியே போனார்.

அதன் பிறகு மீதியைச் சொன்னேன். சமையலறைக் குழாயடியில் நின்றபோது, கழுவுத் தொட்டியில் மாவு கரைந்த வெள்ளைத் தண்ணீர் தேங்கியிருந்தது. மனைவியும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அம்மா பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். மனைவி குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள், வெள்ளைத் தண்ணீர் ஓடிவிட்டது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவள் நிலையத்தில் வாய் திறக்காததற்குக் காரணம் இதுதான், வேறு எதுவும் இல்லை. தன் கையால் கழுவியதில்தான் மகன் வெந்தான் என்று தெரிந்தால் என் தாயார் தாங்க மாட்டார். எனக்கு யார் மீதும் புகார் இல்லை. கவனக்குறைவு என்று யார் பெயரையாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டாம் முறை கன்னத்தில் வைத்துப் பார்க்காத என் பெயரை எழுதிக்கொள்ளவும். அக்காவிடம் விபத்து என்று மட்டும் சொன்னால் போதும். மனைவியின் காலுக்கு மருந்து போடச் சொல்லவும்.

இதில் கண்டவை யாவும் நான் சொன்னவை, நான் அறிந்தவரை உண்மை. என் தாயார் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதால், எனக்கு மட்டும் கேட்கும்படி தாழ்ந்த குரலில் படித்துக் காட்டப்பட்டது. சரியென ஒப்புக்கொண்டு, வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைத்துள்ளேன்.