மூன்று காந்தள் கிழங்குகள்

செங்காந்தளை விதை போட்டு வளர்த்தால் பூக்க மூன்று நான்கு மழைக்காலம் ஆகும். கிழங்கு என்றால் அதே வருடம் பூக்கும். ஜூன், ஜூலைக் குளிரில் கொடி காய்ந்ததும் தோண்டி, மணலில் போட்டு வைத்து, நவம்பர் மழைக்கு நட வேண்டும். என் கிழங்கைத் தேடி இந்த மரொண்டெரா ஊர் முழுக்க ஆள் வருவார்கள். யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை.

நீங்கள் என்னிடம் வளரும் குழந்தையைப் பற்றித்தானே கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

என் தம்பி ஷிங்கிராயின் மனைவி மைதேய் ஹராரேயில் வளர்ந்தவள். பூ பிடிக்கும், மண்ணைத் தொடத் தெரியாது. "தேத்தே, நீங்களே நட்டுக் குடுங்க. நான் வச்சா கல்லுதான் மொளைக்கும்," என்றாள். புருஷனின் அக்காவை எங்களில் தேத்தே என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வேலியோரம் நான்தான் நட்டேன்.

"கிழங்கு விஷம்டி. உன் புருஷன் மரவள்ளின்னு நெனச்சு அவிச்சுத் தின்னுடப் போறான்," என்றேன்.

"அக்கா சமையலையே தின்னு பொழச்சவன் நான். இது என்ன பண்ணிடும்?" என்றான் தம்பி. மைதேய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறு வருடம் அவன் மலேரியாவில் செத்தான். மலேரியா என்று எழுதிய ஆஸ்பத்திரிச் சீட்டு என் கையில்தான் வந்தது. படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டேன்.

ஓராண்டு கழித்து உறவெல்லாம் கூடியது. நீங்கள் நகரத்துப் பெண், பார்த்திருக்க மாட்டீர்கள். விதவையின் கையில் ஒரு கிண்ணம் தண்ணீர் கொடுப்பார்கள். கொழுந்தன்களில் யாரிடம் அதை நீட்டுகிறாளோ, அவனுக்கு மனைவியாகிறாள். யாரும் வேண்டாமென்றால் செத்தவனின் அக்காவிடம், தேத்தேயிடம், நீட்டலாம். அவள் வாங்கிக் குடித்துவிட்டால் முடிந்தது. வீடும் பிள்ளையும் விதவையோடு இருக்கும்.

மைதேய் நேராக என்னிடம் வந்தாள். சந்தேகமே இல்லாத முகம். மண்டியிட்டு நீட்டினாள். நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன்.

"வாங்கும்மா, புள்ள கை வலிக்குது பாரு," என்றார் பெரியப்பா.

"அவ கையால தண்ணி குடிக்கப் பயமா இருக்கு பெரியப்பா. அந்தக் காந்தள் யாரு வேலியில நிக்குது?"

அவ்வளவுதான் சொன்னேன். அவள் கொன்றாள் என்று நான் சொல்லவில்லை. மற்றதை அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். "தேத்தே, நட்டது நீங்கதானே, சொல்லுங்களேன்," என்று அவள் கேட்டது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. மாலைக்குள் அவளை அவள் பிறந்த வீட்டார் இருக்கும் ருசாப்பேக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். அவள் மகள், நான்கு வயது செகாய், எங்கள் வம்சம் என்பதால் என்னிடமே தங்கிவிட்டாள்.

எனக்குப் பிள்ளை இல்லை. மைதேய்க்கு இருபத்தாறு வயது. இன்னும் எத்தனையோ பெற்றுக்கொள்ளலாம். இதில் நியாயமில்லாதது எது என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமைதோறும் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பாள். பிள்ளை அழும். அப்புறம் சாப்பிடாது. பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? ஒரு நாள் மூன்று கிழங்கு எடுத்துப் போய்க் கொடுத்தேன்.

"உங்க வீட்டு வாசல்ல நடு. இது பூத்தா செத்தவன் கோபம் தணிஞ்சுதுன்னு அர்த்தம். அன்னிக்கே புள்ளயக் கூட்டிட்டு வாரேன். அதுவரைக்கும் இங்க வராத."

அவள் மண்டியிட்டு, இரண்டு கையையும் குவித்துத் தட்டி நன்றி சொன்னாள். அழுதாள் என்று நினைக்கிறேன்.

காந்தள் கிழங்குக்கு நுனியில் ஒரே ஒரு முளைதான். அது போனால் வேறு எங்கிருந்தும் முளைக்காது. பச்சைப் பயறு அளவுகூட இருக்காது, நகத்தாலேயே கிள்ளிவிடலாம். மூன்றையும் கிள்ளிவிட்டுத்தான் கொடுத்தேன்.

வருடா வருடம் ஆளனுப்புகிறாள். நானும் வருடா வருடம் புதிதாக மூன்று கொடுத்தனுப்புகிறேன். நான்கு மழைக்காலம் ஆகிவிட்டது. கொடி ஏற மூங்கில் பந்தல்கூடப் போட்டு வைத்திருக்கிறாளாம். போன வாரம் கேட்டனுப்பியிருந்தாள், தண்ணீர் அதிகமாகிறதோ என்று. கொஞ்சம் குறைத்துப் பார்க்கச் சொன்னேன். செடி விஷயத்தில் நான் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.