ஆளில்லாக் கதிரையோடு கதைத்த அண்ணைக்கு

எங்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கான் பகுதியின் மூத்தவரே! முப்பத்தோராண்டு முகஞ்சுளியாது, முன்வந்தோர் அச்சம் தணித்து, மூளைக்குள்ளும் முதுகுக்குள்ளும் மறைந்திருந்த நோய்களை மருத்துவருக்குத் துலக்கிக் காட்டிய தொழில்வல்லுநரே! உடுவில் ஊர் ஈன்ற உத்தமரே! திரு. தியாகலிங்கம் அவர்களே! வணக்கம்.

உங்கள் பிரியாவிடை மடலை இந்த நடையில் மூன்று நாள் மினைக்கெட்டு நான்கு பக்கம் எழுதி, உங்கள் துணைவியார் பத்மாசினி அக்காவிடம் காட்டினோம். "நல்லாத்தான் கிடக்கு. ஆனால் வசனத்தைக் குறையுங்கோ பிள்ளையள். நீளமெண்டால் அவர் நடுவிலை தவறவிட்டிடுவார்" என்றார். அதனால் குறுக்கிச் சொல்கிறோம். ஒன்றையும் மறைக்காமல் எழுதச் சொன்னவர் நீங்கள்தான்.

பாக்கின்சன் நோய் மூன்று வருடமாக உங்கள் வலது கையை ஆட்டியது. உங்கள் வேலையை ஆட்டவில்லை. கடந்த மாசியில் ஒரு காலை, கதிரையில் குவிந்துகிடந்த போர்வையைப் பார்த்து, "அம்மா, சங்கிலி காப்பெல்லாம் கழட்டியாச்சோ?" என்று கேட்டீர்கள். பகிடியென்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள். மத்தியானம் எங்கள் கிருஷாந்திடம் வந்து, "கிருஷாந், நான் பகிடி விடேல்லை. அதிலை ஒரு மனுசி இருந்தவ. டொக்டரிட்டைச் சொல்லிப்போட்டன், என்னைப் படுக்கவைச்சு ஸ்கான் எடுங்கோ" என்றீர்கள். அந்தச் சிரிப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறோம்.

ஆள் அசைந்தால் படம் கலங்கும். எங்களில் கேதீஸ்வரி மெஷினைப் பார்க்க, கிருஷாந் உள்ளே நின்று இருபத்தைந்து நிமிடம் உங்கள் கையைப் பிடித்திருந்தான். மூளையின் பின்பக்கம் சற்று மெலியத் தொடங்கியிருந்தது. மற்றப் பரிசோதனைகளையும் பார்த்த டொக்டர், பாக்கின்சனோடு வரக்கூடிய மறதி நோயின் முன்னறிகுறியாக இருக்கலாம் என்றார். ஒரு பெயரும் மறவாத உங்களுக்கா என்று நாங்கள் சண்டைக்கு நின்றோம். நீங்கள்தான் ஆறுதலாக விளக்கினீர்கள்: "இந்த வருத்தத்திலை மறதி பெரும்பாலும் பிந்தித்தான் வரும். முதல் கண் ஏமாத்தும், தூரம் பிசகும், யோசனை மெதுவாகும். சனத்துக்கு உதைச் சொல்லுங்கோ."

ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. "காந்த அறைக்குள்ளை ஆரையும் இரும்போடை விட்டிடுவன் எண்டு பயமாக்கிடக்கு" என்று நீங்களே விலகல் கடிதம் கொடுத்தீர்கள். ஒரு விபத்தும் நடவாத உங்கள் சேவையில், அந்தக் கடிதத்தைத்தான் நாங்கள் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறோம்.

நேற்று வேலை முடிந்து போகையில் மெல்லக் கேட்டீர்கள்: "உங்களை ஆரெண்டு எனக்குத் தெரியாமல் போனால், வீட்டை வாறதை விட்டிடுவியளோ?"

பதிலை இங்கே எழுதுகிறோம்.

விடமாட்டோம் அண்ணை! நல்ல சுகத்தோடும் நிம்மதியான நித்திரையோடும் அக்காவின் அருகில் நெடுநாள் வாழுங்கள். "நான் ஆர், சொல்லுங்கோ பாப்பம்" என்று ஒருநாளும் உங்களைச் சோதிக்கமாட்டோம். உங்கள் வீட்டுப் படலையிலேயே நின்று எங்கள் பெயரைச் சொல்லுவோம்.

நான் கிருஷாந், உங்களோடை வேலை செய்தவன்.
நான் கேதீஸ்வரி, நீங்கள் மெஷின் பழக்கினவள்.
நான் ஷெரோன், வாறவையின்ரை பேர் பதியிறவள்.
நான் செபநாயகம், ட்ரொலி தள்ளுறவன். உள்ளை வரட்டோ, அண்ணை?