ரெண்டாம் நம்பர் தியேட்டர் விளக்கு

சர்ஜன்: ...அதுக்கில்ல மேடம். எலெக்ட்ரீஷியனையே கேட்டுட்டேன்.

தலைமை டாக்டர்: எதைப் பத்தி?

சர்ஜன்: ரெண்டாம் நம்பர் ஆபரேஷன் தியேட்டர் லைட்டைப் பத்தி. ரிப்பேர்னு ரெண்டு மாசம் பூட்டி வெச்சீங்களே... அவரு அதுல கையே வெக்கலையாம்.

தலைமை டாக்டர்: அவருக்கு மறதிப்பா.

சர்ஜன்: ஏணிகூட எடுத்துட்டுப் போகலையாம்!

தலைமை டாக்டர்: உனக்கு இன்னிக்கு ஆபரேஷன் இல்ல?

சர்ஜன்: காலையில மூணு. மூணு பேரும் கண்ணு முழிச்சுட்டாங்க.

தலைமை டாக்டர்: கை?

சர்ஜன்: ...நடுங்கல.

தலைமை டாக்டர்: அப்பாடா! சரி, கிளம்பு. டூட்டி லிஸ்ட் போடணும். எலும்பு டாக்டர் லீவு கேட்டு உயிரை எடுக்கறாரு.

சர்ஜன்: பேச்சை மாத்தாதீங்க. என் கேஸையெல்லாம் யாரு பண்ணா?

ஹெட் நர்ஸ்: இவங்கதான் டாக்டர். ஒண்ணாம் நம்பர்ல நின்னு நின்னு, கால் வீங்கி, செருப்பே மாட்ட முடியாம...

தலைமை டாக்டர்: சிஸ்டர், உங்களை வார்டுல கூப்பிடறாங்க.

ஹெட் நர்ஸ்: யாரும் கூப்பிடலையே மேடம்.

தலைமை டாக்டர்: கூப்பிடுவாங்க. போங்க.

ஹெட் நர்ஸ்: போறேன், போறேன்... நான் ஒண்ணும் சொல்லல டாக்டர்.

சர்ஜன்: எனக்குத்தானா அந்தப் பூட்டு?

தலைமை டாக்டர்: பின்ன? நீ ஆபரேஷன் பண்ணப்போ அந்தக் குழந்தை இறந்துபோனது உன் தப்பில்லன்னு விசாரணையில எல்லாரும் சொன்னோம். உன் கைதான் நம்பல. அந்தக் கையோட உன்னை உள்ள விட முடியுமா?

சர்ஜன்: முடியாது. ஆனா காரணத்தைச் சொல்லியிருக்கலாமே...

தலைமை டாக்டர்: யாருகிட்ட? ஊருக்கே தெரிஞ்சா, நீ சரியாகி வந்தாலும் உன் விரலையேதான் பார்த்துட்டிருப்பாங்க.

சர்ஜன்: வெளிநோயாளி பிரிவுல உட்கார வெச்சு, அஞ்சு மணியானா வீட்டுக்கு விரட்டி... வாரம் ஒரு தடவை மனநல டாக்டரோட டீ குடிக்க அனுப்பி... உங்களைத் திட்டாத நாளில்ல மேடம்.

தலைமை டாக்டர்: காதுல விழுந்துச்சு. ரெண்டு மூணு வார்த்தை எனக்கே புதுசு.

சர்ஜன்: ஐயோ...

தலைமை டாக்டர்: பரவால்ல, விடு.

சர்ஜன்: இல்ல, இன்னிக்குச் சொல்லியே ஆகணும். லைட்டு ரிப்பேர்னு நீங்க சொன்னீங்களே, அன்னிக்கு நான் இங்க வந்ததே... இனிமே கத்தியே எடுக்கறதில்லன்னு ராஜினாமா கடிதம் எழுதிட்டு. இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரிக்குக்கூட.

தலைமை டாக்டர்: தெரியும்ப்பா. சட்டைப் பையிலேருந்து எட்டிப் பாத்துச்சு. நீ வாயைத் திறந்துட்டா நான் வாங்கியாகணும்... அதான் முந்திக்கிட்டேன்.