தலைமாட்டில் நின்றவள்

— தையல் மிஷின அப்படியே விட்டுட்டு வாக்கா. கர்ட்டன் ஒண்ணும் எழுந்து ஓடிடாது. பாய் விரிச்சுட்டேன், தங்கமும் முழிச்சுட்டான். இன்னைக்கு யோகா க்ளாஸ்ல அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சொல்லிக்குடுத்தத உனக்குக் காட்டறேன்.

— எனக்கெதுக்குடி அதெல்லாம்? நான் குனிஞ்சா நிமுத்தி விட ஆள் வேணும். போகாத போகாதன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஊர்ப் பிள்ளைங்கல்லாம் எச்சில் வழியவிட்ட பாய், இருமல் ஒட்டிக்கும்னு. கேட்டாத்தான?

— தெனமும் உன்கிட்ட விட்டுட்டு ஆபீஸ் போறவ, பெத்த பிள்ளையோட ஒரு சனிக்கிழமை லீவு போட்டுட்டுப் போறேன். அதுக்கும் உன் அனுமதி வேணுமா?

— கோவிச்சுக்காத கண்ணு. வாய் சும்மா இருக்காம சொல்லிட்டேன். எப்படி இருந்துச்சு?

— மருந்துக்கடை மாடி. ஒரு பக்கச் செவரு பூரா கண்ணாடி. உனக்குத்தான் தெரிஞ்சிருக்குமே.

— எனக்கெப்படித் தெரியும்? நான் அந்த மாடிப்படிய மிதிச்சதுகூட இல்ல.

— சரி.

— என்னடி 'சரி'? ஆபீஸ் போன்ல பேசற மாதிரியே பேசற.

— பழக்கதோஷம். துணி தொவைக்கற மிஷின் ரிப்பேருன்னு நாள் பூரா காதுல வாங்கறவ நான். 'நான் ஒண்ணுமே தொடலம்மா, தானா நின்னுடுச்சு'ன்னு புளுகறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பாங்க பாரு... அத விடு. இந்தா, இதுதான் படகு. நான் காலத் தூக்கிச் சாஞ்சுக்கணும். தங்கத்தத் தொடையில சாய்ச்சு, அக்குள்ல புடிச்சு...

— அய்யய்யோ, அப்படி இல்லடி, தலை ஆடுது பாரு! அக்குள்ல வேண்டாம். முதுகுக்குப் பின்னாடி ரெண்டு கையையும் கோத்துக்க. மொதல்ல 'ம்ம்ம்'னு ராகம் இழு, அப்பத்தான் ஒடம்பத் தளர விடுவான். அவங்க அதத்தான் மொதல்ல...

— யாரு அவங்க?

— அது... அதான்...

— படகையே நான் இன்னைக்குத்தான் பாத்தேன். நீ எங்க பாத்த?

— போன்லதான். விமானம்கூட போன்ல பாத்துத்தான உனக்குக் காட்டினேன்? காலு மேல குப்புறப் போட்டுத் தூக்கறது?

— இப்ப இழுத்தியே, அதான் நான் சொன்ன மூச்சு.

— அடிப்பாவி...

— நான் உள்ள காலு வெக்கறேன், டீச்சரம்மா ஓடி வந்து பிள்ளைய என் கையிலேருந்து வாங்கறாங்க. 'வாடா குண்டு'ன்னு. நீ வெச்ச பேரு. இவனும் தாவறான். அப்புறம் என்னை ஏற இறங்கப் பாத்துட்டுக் கேட்டாங்க. 'நீங்க இவனோட சித்திதான? அம்மா ஏன் வரல, உடம்பு சரியில்லையா?'

— இந்தா பாரு, நான் சொல்றதக் கேளு...

— கண்ணாடி பூரா அம்மாவும் பிள்ளையுமா உக்காந்திருக்காங்க. அத்தன பேரும் என்னையே பாக்கறாங்க. நான் என்ன சொன்னேன்னு கேளு.

— என்ன சொன்ன?

— 'ஆமாங்க, சித்தி'ன்னேன்.

— ஏண்டி? ஏன் அப்படிச் சொன்ன?

— நாலு பேரு நடுவுல உன் மானத்த எதுக்கு வாங்கணும்னு தோணுச்சு. எவ்வளவு பெரிய கிறுக்கி பாரு நான். அதுக்கப்புறம் பாடம் வேற நடத்தினாங்க. 'பிள்ளைக்கு உங்க கை பழகல, பரவால்ல, அடிக்கடி அக்காகூட வாங்க'ன்னு.

— நானா போய்ச் சொல்லலடி. இவனுக்கு வயிறு உப்பி வீல் வீல்னு அழுதான்ல, அப்ப மருந்துக்கடைக்காரர்தான் மாடிக்கு அனுப்பினாரு. நெஞ்சோட கட்டிக்கிட்டு ஏறினேன். 'வாங்கம்மா, பிள்ளைக்கு அப்படியே உங்க மூக்கு'ன்னாங்க. நமக்கு ஒரே மூக்குதான? இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன். வரல. பிள்ளை பொறக்கலன்னு ஒரு வீட்டுலேருந்து பெட்டியோட அனுப்பி வெச்சாங்களே, அவ நான். படி எறங்கினதும் பெரியம்மா ஆயிடப் போறேன், அதுவரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமேன்னு...

— மறுநாள் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். நீ சித்தின்னு ஒருத்தியத் தயார் பண்ணி வெச்சிருக்க அக்கா. அது வாய் தவறி வந்ததில்ல. அளவெடுத்துத் தெச்சது.

— ஒரு நாள் க்ளாஸ்ல இருக்கறப்ப நீ போன் பண்ண. யாருன்னு கேட்டாங்க. தங்கச்சின்னேன். அப்ப இவனுக்குச் சித்தின்னு அவங்களா முடிச்சுப் போட்டுக்கிட்டாங்க.

— அந்தப் போன் எனக்கு ஞாபகம் இருக்கு. டீ குடிக்க விட்டப்ப பண்ணினேன். 'தூங்கறான்டி, சத்தம் போடாத'ன்ன. ஆபீஸ் மாடிப்படியில உக்காந்துட்டு, பால் கட்டி நெஞ்சு தெறிக்குது, இவன் எழுந்துடக் கூடாதேன்னு நான் குசுகுசுன்னு பேசினேன். நீ அங்க கண்ணாடி முன்னாடி அவனக் கொஞ்சிட்டு இருந்திருக்க.

— அடிச்சிடுடி. கன்னத்துல ஒண்ணு போட்டுடு. இப்படிப் பேசாத.

— அடிக்கல. திங்கக்கெழமைலேருந்து இவன் ஆபீசுக்குப் பக்கத்துக் காப்பகத்துக்கு வரான். மிஷின உன் வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடு.

— வேண்டாம்டி. திட்டு, பேசாம இரு, எது வேணா பண்ணு. அது மட்டும் வேண்டாம். மிஷின் சத்தம் கேக்காம அவன் தூங்க மாட்டான்.

— பழகிப்பான். என்னையும் பழகிப்பான். போன ஞாயித்துக்கெழமை விமானம் தூக்கினேனே, மொத மொதலா வாய் விட்டுச் சிரிச்சானே, அது என்கிட்ட. இவ்வளவு நாள் நீ வெச்சிருந்தும் உன்கிட்ட சிரிக்கல. என் காலு மேல படுத்துட்டு என் நெத்தியப் பாத்துச் சிரிச்சான். அத எவளும் எடுத்துக்க முடியாது.

— ஆமா. உன்கிட்டதான் சிரிச்சான்.

— அக்கா.

— என்னடி?

— மறுபடியும் மூச்சு இழுத்த.

— மூக்கடைப்பு.

— அதுதான் மொத தடவையா?

— விட்டுடு கண்ணு. மத்ததுக்கெல்லாம் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கு. அத மட்டும் தோண்டாத. அது உன்னோடது.

— பதில் சொல்லு.

— க்ளாஸ்ல விமானம் தூக்கறப்ப சிரிச்சான். அதுக்கு முன்னயே. எல்லாரும் கை தட்டினாங்க. வீட்டுக்கு வந்து உனக்குப் போன் போட்டேன். உன் குரலக் கேட்டதும் வேற எதையோ பேசிட்டு வெச்சுட்டேன். பெத்தவ பாக்காதத நான் பாத்துட்டேன்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது? ஞாயித்துக்கெழமை வரைக்கும் அவன அப்படித் தூக்கவே இல்ல. உனக்குன்னு எடுத்து வெச்சேன்.

— எடுத்து வெச்ச. மிச்சச் சோத்த மூடி வெக்கற மாதிரி.

— உன் சந்தோஷத்துக்குத்தான்டி! அன்னைக்கு நீ அழுதியே, ஒருத்தர் விடாம போன் போட்டுச் சொன்னியே.

— நீயும் கூட நின்னு கை தட்டின. சரி. ரெண்டாவதாவே இருக்கட்டும். என்னைப் பாத்துத்தான சிரிச்சான்? இரு, இப்பவே தூக்கறேன். தங்கம், வா... விமானம்... ஊய்ய்... இங்கப் பாரு, அம்மாவப் பாரு... தங்கம்... ஏன் அழறான்? ஏன் கழுத்த அந்தப் பக்கம் திருப்பறான்?

— எறக்கிடுடி. பயப்படறான்.

— அன்னைக்குப் பயப்படல. இதே பாய், இதே காலு. அன்னைக்கு என் நெத்தியத்தான்... நெத்திக்கு மேல பாத்தான். அக்கா, அன்னைக்கு நீ எங்க நின்ன?

— ஞாபகம் இல்ல.

— எங்க நின்னக்கா?

— உன் தலைமாட்டுல.

— என் தலைக்கு மேலயா?

— திருதிருன்னு முழிச்சுட்டே இருந்தான்டி. நீ காலு நடுங்க நடுங்கத் தூக்கிட்டு, 'சிரிடா சிரிடா'ன்னு கெஞ்சற. எனக்குத் தாங்கல. ஒரு தடவ மூஞ்சியக் காட்டினேன், அவ்வளவுதான்.

— வா. இப்பவும் அங்கயே வந்து நில்லு. அழறான்ல? சித்தி தூக்கிப் புடிச்சுக்கறேன். அம்மா வந்து வெளையாட்டுக் காட்டுங்க.