படையலில் வைத்த மாத்திரை

"மாத்திரையையும் படையல்ல வெச்சிட்டோம்க்கா" என்ற சொல் செவியில் விழுந்ததும், நான் மனத்துள் ஓதிக்கொண்டிருந்த பதிகம் பாதியில் நின்றது. கெலுகோரிலிருந்து நகரத்துக்குச் செல்லும் பேருந்து அது. எனக்கு முன்னிருக்கையில், மடியில் மருந்துப் பையுடன் ஓர் இளம்பெண்ணும், அவளைவிட மூத்த மாதொருவரும் அமர்ந்திருந்தனர்.

"மாத்திரைய யாராச்சும் படைப்பாங்களா?" என்றார் மூத்தவர்.

"அப்பாவுக்குப் பதினாறாம் நாள்லா. அவருக்குப் பிடிச்ச இடியாப்பம், பால் ஊத்தாத கோப்பி ஓ எல்லாம் வெச்சோம். ரத்தத்துல சீனியக் குறைக்கிற இனிப்புநீர் மாத்திரைய அவரு ஒருநாளும் மறக்கமாட்டாரு, அதையும் வைன்னு அம்மா சொன்னாங்க. ரெண்டே ரெண்டுதான் வெச்சேன்."

"செத்தவருக்கு ஏதும்மா இனிப்புநீர்? கும்பிட்டதும் எடுத்துற வேணாமா?"

"இலையில இருந்தத எல்லாருக்கும் பங்கு போட்டுக்கிட்டிருந்தோம். என் மகளுக்கு மூணு வயசு. மிட்டாய்ன்னு ரெண்டையும் தின்னுட்டா. படுத்துத் தூங்கினா, விளையாடின களைப்புன்னு விட்டுட்டேன். அப்புறம் எழுப்பினா எழும்பல."

"ஐயோ! இப்ப?"

"மூணு நாளா வார்டுலதான். கண்ண முழிக்கிறா, என்னை யாருன்னு தெரியல."

மூத்தவர் பையைத் தொட்டுப் பார்த்தார். "மிச்ச மருந்தா? ஆஸ்பத்திரி மருந்து கவுண்டர்ல அப்பவே திருப்பிக் குடுத்திருக்கலாமேம்மா. வாங்கிக்குவாங்க."

"அவரு கைபட்டதுன்னு அம்மா சாமி மேடையில வெச்சிருந்தாங்க. இன்னிக்குத்தான் அவங்களுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன்."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"பிள்ளைக்குக் காய்ச்சல்னுதான் அவங்ககிட்ட சொல்லியிருக்கோம். அப்பாதான் பேத்தியக் காப்பாத்தணும்னு, அவரு படத்துக்கு முன்னால உக்காந்திருக்காங்க."