பாட்டுக்காரம்மா எங்க நிக்கிறாங்க?

பிற்பகல் மூன்று மணி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. கண்ணுக்கு எட்டின தூரம் வரை ஈ காக்காய் இல்லாத சாலை... அதில் ஒரே ஒரு வண்டி. வாடகைக்கு எடுத்த குட்டி வேன்.

சிரிக்காதீர்கள். பேய்க் கதை என்றால் நடுராத்திரியில்தான் நடக்க வேண்டும் என்று யார் சொன்னது? ராத்திரிதான் இங்கே நம்மிடம் இருக்கிறதே, அது போதும். கரண்ட் வரும்வரை யாரும் போன் வெளிச்சம் போடக் கூடாது. அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்... ம், அப்படித்தான்.

இது எனக்கு நடந்ததல்ல. என் சிநேகிதனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. லிஃப்ட் மெக்கானிக். கூண்டுக்குள் நின்றபடியே எந்த உருளை தேய்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். அதனால் கூட்டாளிகள் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு கிறுக்கு... ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், வயர். வீட்டில் ஓர் அறை முழுக்க அதுதான். யாரோ பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, சோற்றைக் கூடப் பாதியில் விட்டுவிட்டு அந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்தார்.

சாலையின் கடைசியில் தனி வீடு. விற்கிறவர் ஒல்லியான ஆள். வாசலோடு நின்றுவிட்டார். "உள்ளதான் இருக்கு. நீயே கழட்டிக்க தம்பி" என்றார். உள்ளே வரவில்லை.

அறையில் இடுப்பளவு உயரத்தில் இரண்டு மரப்பெட்டிகள். பழைய மரமும் தூசியும் கலந்த வாசனை. நாற்காலிகள் எல்லாம் எதிர்ச் சுவரில் முதுகு இடிக்கிற அளவுக்குப் பின்னால் தள்ளிக் கிடந்தன. இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தா பாட்டுக் கேட்பார்கள் என்று காதுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. வயரைக் கழற்றப் போனால் அதைவிடப் பெரிய சிரிப்பு. இடதுபக்கப் பெட்டியில் வயர் சரியாக இருக்கிறது. வலதுபக்கப் பெட்டியில் சிவப்பு வயர் கறுப்பில், கறுப்பு வயர் சிவப்பில்.

"ஐயா, இதுல வயர் மாறியிருக்கே!"

"அது அப்படித்தான் இருக்கணும். நீயும் அப்படியே மாட்டிக்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டார் காதுக்காரர். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வயரைச் சரியாக மாட்டினார்.

அவருக்கு ஒரு மகள். ஐந்து வயது. வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். பேசவே தாமதமான பிள்ளை. பள்ளிக்கூடத்தில் யாரிடமும் வாய் திறக்காது. ஆனால் அந்த அறைக்குள் வந்துவிட்டால் அது வேறு பிள்ளை. பெயிண்ட் பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு திருகுகளுக்கு நடுவில் தூசி தட்டும். "அப்பா, பேஸ் கூடிப்போச்சு" என்று சொல்லும். எந்த வயர் எங்கே போகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டும். தன்னுடைய கிறுக்கு மகள் ரத்தத்திலும் இருக்கிறது என்று அந்த மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துபோகும். உலகத்தில் அவர் பெரிதாக நினைத்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு. ஒரு பெண் தனியாகப் பாடிய குறுந்தட்டைப் போடுவார். "கண்ணை மூடு. பாட்டுக்காரம்மா எங்க நிக்கிறாங்க?" என்பார். வாண்டு கண்ணை மூடி விரலை நீட்டும். விரல் சரியாக இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் போய் நிற்கும். அங்கே ஒன்றுமே இருக்காது, வெறும் சுவர்தான். இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி பாடினால் குரல் நடுவில் வந்து நின்றுகொள்ளும். ஒரு பெட்டியில் வயரை மாற்றி மாட்டினால் பாட்டு கேட்கும், ஆனால் குரல் அறை முழுக்கச் சிதறிப்போகும். "அப்ப பாட்டுக்காரம்மாவுக்கு நிக்க இடமே இருக்காது. அந்தரத்துல சுத்துவாங்க" என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மனைவி நர்ஸ். பிள்ளையின் காது கெட்டுப்போகும் என்று அவளுக்குப் பயம். "இவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அன்னிக்கே இது எல்லாத்தையும் தெருவுல தூக்கிப் போட்டுடுவேன்" என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

புதுப் பெட்டி வந்து கொஞ்ச நாள். ஒரு விடுமுறை நாளில் விளையாடும்போது வாண்டின் விரல் சுவரைக் காட்டவில்லை. அதற்கு ஒரு முழம் இப்பால் காட்டியது.

"நல்லாக் கேளு. நடுவுலதான?"

"நடுவுலதான்ப்பா. ஆனா முன்னாடி வந்துட்டாங்க."

நல்ல ஸ்பீக்கர் என்றால் குரல் முன்னால் வரத்தான் செய்யும். பிள்ளைக்கு எவ்வளவு நுட்பமான காது என்று பூரித்துப்போனார். அடுத்த வாரம் இன்னும் ஒரு முழம். அதற்கடுத்த வாரம் விரல் தரையில் விரித்திருந்த பாயின் ஓரத்தைக் காட்டியது. காட்டிவிட்டு வாண்டு காலை மடக்கி உட்கார்ந்துகொண்டது. "அப்பா, நாற்காலியைப் பின்னாடி போட்டுக்கலாமா?" என்று கேட்டது.

அவர் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றே பெட்டி தெருவுக்குப் போகும். பெட்டி போனால் மகளுடைய பேச்சும் போகும்.

பிறகு ஒரு நாள் பாட்டைப் போட்டதும் அவருக்குச் சுரீர் என்றது. குரல் ஓட்டைப் பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி... இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. வாண்டு கண்ணை மூடித் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. "எங்கயும் இல்லப்பா!" என்று சொல்லிக் கைதட்டிச் சிரித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

பெட்டியின் பின்னால் போய்ப் பார்த்தார். வலதுபக்கம். சிவப்பு கறுப்பில், கறுப்பு சிவப்பில்.

விரலால் அமுக்கினால் வயரை விடுகிற கிளிப் அது. யார் வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் யார் மாற்றுவார்கள்? வீட்டில் இருக்கிறதே மூன்று பேர். காலையில் அவர் வேலைக்குப் போனதும் வீட்டில் இருப்பது மனைவி. பெட்டியை ஒழிக்க நினைப்பதும் மனைவி. நேராகக் கேட்டால் சண்டை வரும் என்று இப்படிக் கெடுத்துப் பார்க்கிறாளோ? வாய் திறக்காமல் வயரைச் சரியாக மாட்டினார். மறுநாள் மறுபடி மாறியிருந்தது.

சந்தேகம் என்று வந்துவிட்டால் சும்மா இருக்குமா? லிஃப்டுக்குப் போடுகிற கறுப்பு கிரீஸைக் கொஞ்சம் கொண்டுவந்து அந்தக் கிளிப்பில் தடவி வைத்தார். சாயங்காலம் வயர் மாறியிருந்தது. மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்போது அவள் விரல்களையே பார்த்தார். பளிச்சென்று சுத்தம். நர்ஸ் கைதானே, நாள் முழுக்கக் கழுவுகிற கை, கிரீஸ் எப்படி நிற்கும் என்று அதையும் அவள்மேலேயே போட்டார். வாண்டின் கவுனில் ஓரமாக ஒரு கறுப்புக் கறை இருந்தது. அதையும் பார்த்தார்... பள்ளிக்கூடத்துக் கிரேயான் என்று விட்டுவிட்டார்.

அன்று வெடித்துவிட்டார். "பிடிக்கலைன்னா நேரா சொல்லு. திருட்டுத்தனமா வயரை ஏன் மாத்துற?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "எந்த வயரு? எனக்கு அந்த ரூம்ல ஸ்விட்ச் எங்க இருக்குன்னே தெரியாது. நான் ஒண்ணு கேக்கறேன்... நான் நைட் டூட்டி போறப்ப, தூங்கற பிள்ளைக்கு எதுக்குப் பாட்டு போடறீங்க? யாரோ பக்கத்துல வந்து பாடறாங்கன்னு காலையில சொல்றா."

"நான் போடறதே இல்ல!"

"பின்ன யாரு போடறாங்களாம்?"

அவர் அவளை நம்பவில்லை. அவள் அவரை நம்பவில்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை... அதுதான் கொடுமை.

மறுநாள் அவர் வயரைச் சரியாக மாட்டி, கிளிப்பின்மேல் பசையைப் பிழிந்தார். கல் மாதிரி இறுகுகிற பசை. இனி யார் மாற்றுகிறார்கள் பார்க்கலாம் என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வாண்டு கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கிட்டே வந்து பசையைத் தொட்டுப் பார்த்தது. அழவில்லை. பிரஷ்ஷை அதன் இடத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்த அறைக்கே வரவில்லை. பேச்சும் நின்றுபோனது. காதுக்காரர் கெஞ்சினார், கொஞ்சினார். ஒருநாள் இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மனைவி ஏதாவது சொல்லிக்கொடுத்திருப்பாளோ என்று அப்போதும் ஒரு சந்தேகம். சோதித்துப் பார்க்கலாம் என்று வெறும் புல்லாங்குழல் இசையைப் போட்டார். குரலே கிடையாது.

"பாட்டுக்காரம்மா எங்க நிக்கிறாங்க?"

பிள்ளை கண்ணை மூடியது. "இப்ப அவங்க பாடல. சும்மா நிக்கிறாங்க" என்றது.

அவர் எழுந்து ஆம்ப்ளிஃபயரை நிறுத்தினார். பிளக்கையும் பிடுங்கினார். அறையில் சத்தமே இல்லை. அவர் மூச்சு அவருக்கே கேட்டது.

"இப்ப?"

சின்ன விரல் மெதுவாக எழுந்தது. பெட்டியைத் தாண்டி, பாயைத் தாண்டி... அவர் முகத்துக்கு நேரே வந்து, அவர் தோளுக்குப் பின்னால் காட்டியது.

அவர் திரும்பவில்லை. பிடரியில் மட்டும் லேசாக ஒரு சூடு பட்டது. பாடகர்கள் பாடுவதற்கு முன்னால் மூச்சு இழுப்பார்களே... அந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

"அப்பா, நான்தான் வயரை மாத்தினேன்" என்றது வாண்டு. "மாத்தினா நிக்க இடம் இருக்காதுன்னு நீதான சொன்ன? இப்ப மாத்த முடியலப்பா. நீ ஒட்டிட்ட."

மகளை அள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். தான் ஆசை ஆசையாகச் சொல்லிக்கொடுத்ததை வைத்து அந்தப் பிள்ளை தன்னந்தனியாகத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அதைத் தன் கையாலேயே பசை போட்டு அடைத்துவிட்டோம் என்று புரிந்தபோது நடு வாசலில் உட்கார்ந்து அழுதார். மனைவி ஓடி வந்தாள். எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

பெட்டியை விற்ற ஆளுக்குப் போன் போட்டார். இவர் சொல்ல வந்ததை அந்த ஆள் காதிலேயே வாங்கவில்லை.

"வயரை மாத்திட்டியா?"

"ஆமாங்க..."

"இப்ப எங்க நிக்குது?"

"என் தோளுக்குப் பின்னாடிங்க."

எதிர்முனையில் பெருமூச்சு. பிறகு இணைப்பு அறுந்துபோனது. அப்புறம் எத்தனை தடவை அடித்தாலும் எடுக்கவில்லை.

அன்றே இரண்டு பெட்டிகளையும் சுத்தியலால் உடைத்தார்கள். மரத்தை எரித்தார்கள். மிச்சத்தைக் காயலான் கடையில் போட்டார்கள். ஆம்ப்ளிஃபயர், குறுந்தட்டு எல்லாம் அதோடு போயின. அறை காலியானது. பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தது. தொலைந்தது சனியன் என்று நினைத்தார்கள்.

மூன்று பேரும் ஒரே கட்டிலில்தான் படுப்பார்கள். அவர் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், நடுவில் வாண்டு. ஒரு ராத்திரி வாண்டு எழுந்து உட்கார்ந்து அவர் தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டது.

"அப்பா, நீ இந்தப் பக்கம் தலை வெச்சுப் படு."

"ஏம்மா?"

"அம்மா நேரா படுக்கட்டும். நீ மாறிப் படு."

அவருக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இனி அவர்கள்தான் அந்த இரண்டு பெட்டிகள், அதில் ஒன்று மாறியிருக்க வேண்டும். அன்று முதல் அவர் தினமும் மனைவியின் கால்பக்கம் தலைவைத்துத்தான் படுப்பார். என் சிநேகிதன் ஒருமுறை அங்கே தங்கியபோது இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான். வீட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லையாம்.

இது நடந்தது போன வாரம். விடியற்காலை. காதுக்காரர் கண்ணை விழித்துப் பார்க்கிறார்... மனைவியின் முகம் நேர் எதிரே தெரிகிறது. அவர் தலைமாட்டில் இருக்கிறார். நேராகப் படுத்திருக்கிறார். அவர் தலையணை மனைவியின் தலையணைக்கு வரிசையாக, ஒரு சுருக்கம் இல்லாமல் வைக்கப்பட்டிருக்கிறது.

"நீயா என்னைத் திருப்பிப் போட்ட?"

"நான் ஏன் திருப்பப் போறேன்? நீங்களா வந்து படுத்தீங்கன்னு நினைச்சேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் நடுவில் பார்த்தார்கள்.

வாண்டு மல்லாந்து படுத்திருந்தது. கண் மூடியிருந்தது. ஆனால் தூங்கவில்லை.

அவருக்குக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. "பாப்பா... பாட்டுக்காரம்மா எங்க நிக்கிறாங்க?"

விரல் எழுந்தது. கதவைக் காட்டவில்லை. சுவரைக் காட்டவில்லை. அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல மடங்கி... தன் தொண்டைக் குழியில் வந்து அமர்ந்தது.

விரலுக்கு அடியில், ஒரு பெரிய மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டதாம்.