முதல் பக்கத்தில் நிற்காத படம்

வவுணதீவிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீற்றில் லப்டொப்பைத் திறந்து வைத்திருந்தவன் கூட்டாளியிடம் சொன்னான்:

"அம்மா முதல் பக்கத்தில நிக்கிறா இல்லடா. கடைசிக்கு ஓடுறா."

அம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்தை லேட்டெக் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்துகொண்டிருந்தான். ஓடியது அவருடைய படம்.

"இடம் காணாட்டி லேட்டெக் படத்தத் தூக்கிப் பின்னுக்குப் போட்டிடும். சின்னனாக்கிப் பாரு."

"ரெண்டு தரம் சின்னனாக்கிட்டன். இனி முகம் தெரியாது."

"அந்தப் பக்கத்தில வேற என்ன கிடக்கு?"

"பிள்ளையள் ஆறு பேர்ட பேரும், மருமக்கள்ட பேரும்."

"அதப் பின்னுக்கு எடு."

"ஒருத்தரும் விடமாட்டாங்க."

பஸ் பாலத்தில் ஏறியது. வாவியைப் பார்த்தபடி அவனே பிறகு சொன்னான்:

"ஆறு வீட்டிலயும் இடமில்லையெண்டுதானே அவவ முதியோர் இல்லத்தில விட்டம்."